முதல் நாளும் மூன்றாம் நாளும்

பிறந்து சில மணி நேரமே ஆன சுண்டெலிக் குட்டி ஒன்றரை கிராம் இருந்தால் அதிகம். உடம்பில் ரோமம் இருக்காது, கண் திறந்திருக்காது. தோல் அத்தனை மெல்லியது. குடித்த பால் வயிற்றுக்குள் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். அந்தக் குட்டியின் மார்பெலும்பை மேல்பக்கம் லேசாகப் பிளந்து, இதயத்தின் தலைமாட்டில் ஒட்டியிருக்கும் இரண்டு வெளுத்த மடல்களை மெல்லிய கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தைத்துத் தாயிடம் திருப்பி விட வேண்டும். மயக்க மருந்து தாங்காது என்பதால் குட்டியைக் குளிரவைத்து அசைவிழக்கச் செய்வார்கள். தையலில் ரத்த வாடை அடித்தால் தாயே குட்டியைத் தின்றுவிடும். எனவே நன்றாகத் துடைத்து, சூடேற்றிய பிறகே கூட்டில் விடுவார்கள்.

1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜாக் மில்லர் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். 1931ல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்து, ஷாங்காயில் சிறுவயதைக் கழித்து, போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. சிட்னியில் மருத்துவம் படித்துவிட்டு முனைவர் பட்டத்துக்காக லண்டனின் செஸ்டர் பீட்டி ஆய்வு நிறுவனத்துக்கு வந்திருந்தார். நகரத்துக்கு வெளியே பொல்லார்ட்ஸ் வுட் என்ற இடத்திலிருந்த அதன் கிளையில் அவருக்கு இடம் ஒதுக்கினார்கள். சுண்டெலிகளை வளர்த்தது அங்கிருந்த பழைய குதிரை லாயத்தில்.

அவர் நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தேடிப் போகவில்லை. சுண்டெலிகளுக்கு ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரஸை லுட்விக் கிராஸ் கண்டுபிடித்திருந்தார். பிறந்தவுடன் செலுத்தினால்தான் அது வேலை செய்யும். நோய் தைமஸ் என்ற அந்த இரட்டை மடலில் தொடங்கும்; பால் மறந்த வயதில் தைமஸை எடுத்துவிட்டால் நோய் வருவதில்லை. அப்படியானால் வைரஸ் உடம்பில் குடியேறுவதற்கே பிறந்த குட்டியின் தைமஸ் தேவையோ என்று மில்லர் யோசித்தார். அதைச் சோதிக்க வைரஸ் செலுத்துவதற்கு முன்பே, முதல் நாளிலேயே, தைமஸை எடுத்தாக வேண்டும்.

எடுத்தார். குட்டிகள் பால் குடித்து ஒழுங்காக வளர்ந்தன. பால் மறந்த பிறகு ஒவ்வொன்றாக மெலிந்து, கூன் விழுந்து, செத்தன. வைரஸே செலுத்தாமல் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த குட்டிகளும் அதே மாதிரிதான் செத்தன. அறுத்துப் பார்த்தபோது மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் அருகிக் கிடந்தன. கல்லீரலில் தொற்றின் தடயம் இருந்தது. சந்தேகப்பட்டு, வேற்று வகைச் சுண்டெலியின் தோலை ஒட்டுப்போட்டுப் பார்த்தார். சாதாரணச் சுண்டெலி அந்நியத் தோலைப் பத்துப் பன்னிரண்டு நாளில் உதிர்த்துவிடும். இவை உதிர்க்கவில்லை. ஒட்டுத் தோல் பிடித்துக்கொண்டது மட்டுமல்ல, அதில் ரோமமும் முளைத்தது; ஒரு நிறச் சுண்டெலியின் முதுகில் வேறொரு நிறத்தில் ரோமத் திட்டு. பெரிய எலியின் தோலைக்கூட அவை ஏற்றுக்கொண்டன. 1961ல் ‘லான்செட்’ இதழில் இது சிறு கட்டுரையாக வந்தது.

இதே உறுப்பை வளர்ந்த விலங்குகளிலிருந்து பலர் ஏற்கெனவே எடுத்துப் பார்த்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதனால் தைமஸுக்கு வேலையில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். மில்லரின் சோதனையில் புதிதாக இருந்தது கத்தியல்ல, நாள்கணக்கு. தைமஸ் ஆய்வின் கடந்த அறுபது ஆண்டுக் கதையைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது எனக்குப் படுவது இதுதான்: இந்த உறுப்பு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு விடை ஒவ்வொரு முறையும் எப்போது எடுத்தார்கள், எப்போது அணைத்தார்கள் என்பதிலிருந்தே வந்திருக்கிறது.

*

மில்லருக்கு முன்பிருந்த நிலையைச் சொல்லாமல் போக முடியாது. மருத்துவ வரலாற்றின் மோசமான அத்தியாயங்களில் ஒன்று அது.

உடற்கூறு படிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு வந்த பிணங்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை, நாள்பட்ட நோயிலும் பட்டினியிலும் செத்தவர்களுடையவை. தைமஸ் ஒரு வினோதமான உறுப்பு. உடம்புக்குத் துன்பம் வந்தால் முதலில் சுருங்குவது அதுதான். ஆகவே மருத்துவர்கள் பார்த்துப் பழகியதெல்லாம் சுருங்கிய தைமஸ். அதையே இயல்பான அளவு என்று நம்பினார்கள். நன்றாக இருந்த குழந்தை தொட்டிலில் திடீரென்று இறந்துபோனால், அதன் மார்பில் இருந்த ஆரோக்கியமான தைமஸ் அவர்கள் கண்ணுக்கு வீங்கியதாகத் தெரிந்தது. மூச்சுக்குழலை அழுத்திக் குழந்தையைக் கொன்றது அதுதான் என்று ஒரு நோய்க்குப் பெயரும் வைத்தார்கள். 1907ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு மருத்துவர் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி அதைச் சுருக்கிக் காட்டினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் நல்ல குழந்தைகளின் கழுத்திலும் மார்பிலும் கதிர் பாய்ச்சினார்கள். 1950ல்தான் அந்தக் குழந்தைகளில் பலருக்குத் தைராய்டு புற்றுநோய் வருவதைக் கவனித்து எழுதினார்கள். இல்லாத நோய்க்குச் செய்த சிகிச்சை உள்ள நோயைக் கொடுத்தது.

ஆய்வாளர்களும் தைமஸை மதிக்கவில்லை. அதற்குள் லிம்போசைட்டுகள் செத்துக்கொண்டே இருந்ததால் அதைச் செல்களின் சுடுகாடு என்றார்கள். ஒட்டுறுப்பு ஆய்வுக்காக 1960ல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவர், மில்லரின் முடிவுகள் வெளிவந்த பிறகும்கூட, தைமஸில் லிம்போசைட்டுகள் இருப்பது பரிணாமத்தின் தற்செயல், அதற்குப் பெரிய பொருள் இல்லை என்ற கருத்தை முன்வைத்தார். குதிரை லாயத்து அழுக்கில் வளர்ந்த சுண்டெலிகள் கிருமித் தொற்றில் செத்திருக்கலாமே என்ற ஆட்சேபமும் எழுந்தது. மில்லர் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்துக்குப் போய், கிருமியே படாத கூண்டில் வளர்ந்த சுண்டெலிகளில் அதே அறுவையைச் செய்தார். அவை மெலியவில்லை. ஆனால் அந்நியத் தோலை உதிர்க்கவும் இல்லை. மெலிவுக்குக் காரணம் கிருமி. கிருமியைத் தடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் தைமஸ் இல்லாதது. ஆட்சேபம் தீர்ந்தது. 1968ல் மெல்போர்னில் மில்லரும் கிரஹாம் மிட்செலும் லிம்போசைட்டுகளில் இரண்டு இனம் உண்டு என்று காட்டினார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து நேரே வரும் பி செல்கள் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. தைமஸ் வழியாக வருபவை அவற்றுக்கு உதவுகின்றன. தைமஸின் முதலெழுத்தை வைத்துத்தான் இரண்டாவது வகைக்கு டி செல் என்று பெயர்.

நம் பள்ளிப் பாடத்தில் தைமஸ் நாளமில்லாச் சுரப்பிகளின் வரிசையில், தைமோசின் என்ற ஹார்மோனோடு சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்றாக வரும். பெயரோடு ஒட்டிக்கொண்ட ‘சுரப்பி’ என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று தோன்றுகிறது. அது எதையோ சுரந்து ஊரெல்லாம் அனுப்பும் உறுப்பு என்பதைவிட, செல்கள் உள்ளே வந்து மாறிப் போகும் ஓர் இடம்.

இடம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1962ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரோமமே இல்லாத சுண்டெலிகள் பிறந்தன. அம்மணச் சுண்டெலி என்றே அவற்றுக்குப் பெயர். 1968ல் அவற்றை அறுத்துப் பார்த்தவர்கள் தைமஸும் இல்லாததைக் கண்டார்கள். டி செல் இல்லாத அந்த உடம்பு எதையும் மறுக்கவில்லை. அடுத்த ஆண்டே மனிதப் புற்றுக்கட்டியை அதில் வளர்த்தார்கள். புற்றுநோய் மருந்துச் சோதனைகளில் இன்றும் அதன் வாரிசுகள் இருக்கின்றன. ரோமத்துக்கும் தைமஸுக்கும் என்ன உறவு என்பது 1994ல்தான் தெளிந்தது. தாமஸ் போமின் குழு கண்டுபிடித்த, இன்று ஃபாக்ஸ்என்1 என்று அழைக்கப்படும் ஒரே மரபணு தோலிலும் தைமஸின் சட்டகமான எபிதீலியச் செல்களிலும் வேலை செய்கிறது. ஆனால் அம்மணச் சுண்டெலியின் மஜ்ஜையை எடுத்து, கதிர்வீச்சால் சொந்த ரத்தச் செல்களை இழந்த சாதாரணச் சுண்டெலிக்குள் வைத்தால், அதிலிருந்து டி செல் நன்றாகவே உருவாகிறது. விதையில் பழுதில்லை. நிலம்தான் இல்லை.

*

அந்த நிலத்துக்குள் என்ன நடக்கிறது?

ஆய்வுக்கூடத்தில் இதைப் பார்ப்பது எளிது. ஐந்தாறு வாரச் சுண்டெலியின் தைமஸைக் கத்தரித்து எடுத்து, நைலான் வலையில் வைத்து ஊசிக்குழலின் பின்பக்கத்தால் தேய்த்தால், பால்போல் கலங்கிய திரவம் கீழே இறங்கும். 10 கோடி முதல் 20 கோடி செல்கள். அவற்றோடு சிடி4, சிடி8 என்ற இரண்டு புரதங்களில் ஒட்டும் ஒளிரும் எதிர்ப்பொருள்களைக் கலந்து, செல்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசர் முன் ஓடவிடும் கருவியில் செலுத்தினால், திரையில் நான்கு கட்டமாகப் புள்ளிகள் விழும். இரண்டு புரதமும் இல்லாதவை கீழ் இடது மூலையில், நூற்றில் நாலைந்து. இரண்டும் உள்ளவை மேல் வலது மூலையில் பெரிய கரும்படலமாக, நூற்றில் 80க்கும் மேல். ஒன்று மட்டும் உள்ளவை மற்ற இரு மூலைகளிலும் மெல்லிய தீவுகளாக. நோயெதிர்ப்பியல் படித்தவர்கள் இந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள். கீழ் இடமிருந்து மேல் வலத்துக்கு ஏறி, அங்கிருந்து இரண்டில் ஒரு தீவுக்கு இறங்குவதுதான் ஒரு டி செல்லின் வாழ்க்கை.

தைமஸுக்கு நீடித்த சொந்த விதைச் செல் கிடையாது. மஜ்ஜையிலிருந்து ரத்தம் வழியே மிகச் சில செல்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவை வரும்போது டி செல்கள் அல்ல. வேறு எதுவாகவும் மாறக்கூடியவை. உள்ளே காலடி வைத்ததும் எபிதீலியச் செல்களின் மேல் நிற்கும் டிஎல்எல்4 என்ற புரதம் அவற்றின் நாட்ச்1 ஏற்பியைத் தொடுகிறது. அந்தத் தொடுகைதான் திசையைத் தீர்மானிக்கிறது. 1999ல் ஃப்ரெடி ராட்கேயும் சகாக்களும் சுண்டெலியின் ரத்தச் செல்களில் நாட்ச்1 மரபணுவை நீக்கினார்கள். தைமஸ் இருந்தது, செல்களும் வந்தன. ஆனால் அங்கே வளர்ந்தவை பி செல்கள்.

திசை தெரிந்ததும் ஒவ்வொரு செல்லும் தன் மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்து, வெட்டி, ஒட்டி, தனக்கென்று ஓர் ஏற்பியை உருவாக்கிக்கொள்கிறது. அந்த ஏற்பி எதைப் பற்றும் என்று யாருக்கும் தெரியாது, அந்தச் செல்லுக்கும். குருட்டுச் சீட்டு. இங்கேதான் தைமஸின் உண்மையான வேலை தொடங்குகிறது.

முறத்தில் அரிசி புடைப்பவர் இரண்டு பொருளை நீக்குகிறார். பதர் காற்றில் பறக்கிறது. கல் அடியில் தங்க, அதைக் கையால் பொறுக்கிப் போடுகிறார். ஒன்று உபயோகமற்றது, இன்னொன்று பல்லை உடைப்பது. தைமஸும் இரண்டைத்தான் நீக்குகிறது. டி செல் கிருமியை நேரே பார்ப்பதில்லை. உடம்பின் செல்கள் தமக்குள் உடைந்த புரதத் துண்டுகளை எம்எச்சி என்ற தட்டில் ஏந்தி வெளியே காட்டுகின்றன. டி செல் பார்ப்பது தட்டையும் துண்டையும் சேர்த்து. எனவே தன் உடம்பின் தட்டையே பற்றத் தெரியாத ஏற்பி பதர். அப்படிப்பட்ட செல் மூன்று நான்கு நாள் யாரும் தொடாமல் கிடந்து தானே மடிகிறது. தட்டில் உள்ள சொந்தத் துண்டை இறுகப் பற்றும் ஏற்பி கல். அது வெளியே போனால் சொந்த உடம்பைத் தின்னும். அதைக் கொன்றாக வேண்டும். இளம் சுண்டெலியின் தைமஸில் ஒரு நாளில் புதிதாகப் பிறப்பவை சுமார் 5 கோடி. வெளியேறுபவை 10 லட்சம் முதல் 20 லட்சம். முறத்தோடு ஒப்பிட்டது இங்கே பொருந்தாமல் போகிறது. எந்த வயலிலும் இவ்வளவு பதர் விளையாது.

இத்தனை பிணம் விழும் இடத்தில் நுண்ணோக்கிக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. செத்த செல்லை அருகிலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல் உடனுக்குடன் விழுங்கிவிடுகிறது. சுடுகாடு என்று சொன்ன பழையவர்கள் பார்த்தது சரி. எதற்காக எரிக்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

இந்த இரட்டை நீக்கலை ஒரே சுண்டெலி வகையில் கண்ணெதிரே காட்டியது பாசலில் நடந்த சோதனை. ஹரால்ட் வான் போமரும் சகாக்களும் 1988ல், ஆண் சுண்டெலியின் செல்களில் மட்டும் இருக்கும் ஒரு புரதத் துண்டைப் பற்றும் ஏற்பியின் மரபணுவைச் சுண்டெலிகளுக்குள் புகுத்தினார்கள். குட்டிகளின் டி செல்களில் பெரும்பாலானவை அந்த ஒரே ஏற்பியைத் தாங்கின. பெண் குட்டிகளின் தைமஸ் கொழுத்து, சிடி8 செல்களை வெளியே அனுப்பியது. ஆண் குட்டிகளின் தைமஸ் சுருங்கிக் கிடந்தது; மேல் வலது மூலையின் கரும்படலம் காணாமல் போயிருந்தது. அண்ணன் தங்கை, அதே ஏற்பி. ஒரு வீட்டில் அது நெல், இன்னொரு வீட்டில் அது கல். பெண் குட்டிகளில் சரியான எம்எச்சி தட்டு இல்லாவிட்டால் அந்த ஏற்பி பதர் என்பதும் அந்தச் சோதனை வரிசையிலேயே தெரிந்தது. இதற்கு முந்தைய ஆண்டு கேப்ளரும் மேரக்கும் வேறு வழியில் இதே கொலையைக் காட்டியிருந்தார்கள். அதற்கும் பத்தாண்டு முன்பு, எந்தத் தட்டை ‘தன்னுடையது’ என்று டி செல் கற்கிறது என்பதை மஜ்ஜை தீர்மானிப்பதில்லை, அது வளரும் உடம்பும் தைமஸுமே தீர்மானிக்கின்றன என்று மைக்கேல் பெவனும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் கலப்புச் சுண்டெலிகளில் காட்டியிருந்தார்கள்.

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. மார்புக்குள் ஒதுங்கிக் கிடக்கும் இந்த உறுப்புக்குக் கண்ணின் புரதமும், கணையத்தின் இன்சுலினும், இரைப்பையின் புரதமும் எப்படிக் கிடைக்கும்? அவற்றைக் காட்டாமல் அவற்றைத் தாக்கும் செல்களை எப்படிக் களைவது?

விடை ஓர் அரிய மனித நோயிலிருந்து வந்தது. பின்லாந்தில் சற்று அதிகமாகக் காணப்படும் அந்த நோயில், ஒரே ஆளின் பல சுரப்பிகளை அவருடைய நோயெதிர்ப்பு ஆற்றலே அழிக்கும். 1997ல் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்து ஐரே என்று பெயரிட்டார்கள். 2002ல் டயான் மாத்திஸ், கிறிஸ்டோஃப் பென்வா குழுவினர் அந்த மரபணு இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தபோது படம் முழுமையானது. தைமஸின் நடுப்பகுதியில் உள்ள எபிதீலியச் செல்கள், தங்களுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான மரபணுக்களை இயக்கி, உடம்பின் பிற உறுப்புகளுக்கே உரிய புரதங்களைத் துளித்துளியாகத் தயாரிக்கின்றன. ஒவ்வொரு செல்லும் சிலவற்றை. எல்லாம் சேர்ந்து உடம்பு முழுவதையும். இதை முடுக்கிவிடுவது ஐரே. அது இல்லாத சுண்டெலிகளில் கண்ணின் விழித்திரை, சினைப்பை, உமிழ்நீர்ச் சுரப்பி என்று டி செல்கள் நுழைந்து தாக்கின. 2022ல் அதே குழு இன்னும் விசித்திரமானதைச் சொன்னது: அந்த எபிதீலியச் செல்களில் சில, வெறும் புரதத்தைத் தயாரிப்பதோடு நில்லாமல், தசைச் செல்லாகவும் குடல் செல்லாகவும் தோல் செல்லாகவும் வேடமே கட்டுகின்றன. தைமஸுக்குள் தசைபோன்ற செல்கள் இருப்பதைப் பார்த்துப் பழைய நுண்ணோக்கி ஆய்வாளர்கள் குழம்பியது வீணல்ல.

இவ்வளவு தேர்விலும் தைமஸ் ஒரு கிருமியையும் காட்டுவதில்லை. இனி வரப்போகும் எதிரிக்கான படை, எதிரியின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல், சொந்த வீட்டாரின் முகங்களை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

*

இப்போது மூன்றாம் நாள்.

1969ல் ஜப்பானின் நகோயாவில், ஐச்சி புற்றுநோய் மையத்தில் நிஷிசுகாவும் சகாகுராவும் சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை எடுத்தார்கள். பிறந்த மூன்றாம் நாளை ஒட்டி எடுத்தால் பெண் குட்டிகளின் சினைப்பை அழிந்துபோயிற்று. ஏழாம் நாள் எடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. சினைப்பை வளர்வதற்குத் தேவையான ஹார்மோன் எதையோ தைமஸ் அனுப்புகிறது என்று அப்போது நினைத்தார்கள். மறுபடியும் சுரப்பி!

ஷிமோன் சகாகுச்சி என்ற இளம் மருத்துவர் அதை நம்பவில்லை. அழிந்த சினைப்பை ஹார்மோன் இல்லாமல் வாடியதாக அவருக்குத் தெரியவில்லை, தாக்கப்பட்டதாகத் தெரிந்தது. டி செல்லைக் குறைத்தால் தாக்குதல் குறைய வேண்டும், ஏன் கூடுகிறது? ஒழுங்கான வளர்ந்த சுண்டெலியின் டி செல்களை அந்தக் குட்டிகளுக்குச் செலுத்தியபோது நோய் வரவில்லை. அப்படியென்றால் டி செல்களுக்குள்ளேயே மற்ற டி செல்களை அடக்கும் ஒரு வகை இருக்க வேண்டும். சுண்டெலியில் அந்த வகை சற்றுத் தாமதமாகத்தான் தைமஸை விட்டு வெளியேறுகிறது. முதல் நாள் எடுத்தால் தாக்குபவையும் குறைவு. ஏழாம் நாள் எடுத்தால் இரண்டும் வெளியே போய்ச் சேர்ந்துவிட்டன. மூன்றாம் நாள் எடுத்தால் தாக்குபவை வெளியே, அடக்குபவை உள்ளேயே. நான்கே நாள் இடைவெளிக்குள் ஒரு செல் வகையே ஒளிந்திருந்தது.

1970களிலும் எண்பதுகளிலும் ‘அடக்கும் டி செல்’ என்ற பெயரில் நிறையப் பிழையான கட்டுரைகள் வந்து அந்தச் சொல்லே கெட்டுப்போயிருந்தது. அந்தச் சமயத்தில் இதைப் பிடித்துக்கொண்டு நின்றது பிடிவாதம் என்றே சொல்ல வேண்டும். 1995ல் சகாகுச்சி அந்தச் செல்களை சிடி25 என்ற அடையாளத்தோடு பிரித்துக் காட்டினார். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1940களில் தற்செயலாகத் தோன்றிய, தோல் செதில் செதிலாக உரிந்து சில வாரங்களில் சாகும் ஒரு சுண்டெலி வகையை மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் வேறொரு மூலையில் ஆராய்ந்து, 2001ல் அதன் பழுதான மரபணு ஃபாக்ஸ்பி3 என்று கண்டார்கள். இரண்டு ஆண்டில் இரண்டு கதையும் ஒன்றாயின. அடக்கும் செல்லை அடக்கும் செல்லாக ஆக்குவது அந்த மரபணுதான். மூவருக்கும் 2025ல் நோபல் பரிசு கிடைத்தது. மில்லருக்கு லாஸ்கர் விருது 2019ல் வந்தது, நோபல் தரப்படவில்லை. நோபல் குழுவினரின் கணக்கு எனக்குப் புரிந்ததில்லை.

நாள்கணக்கு அதோடு முடியவில்லை. ஐரே மரபணுவை விரும்பிய நேரத்தில் அணைக்கக்கூடிய சுண்டெலிகளை உருவாக்கி 2009ல் மாத்திஸ், பென்வா குழுவினர் பார்த்தார்கள். பிறப்பை ஒட்டிய மூன்று வாரங்களுக்குள் அணைத்திருந்தால் தன்னுடல் தாக்கு நோய் வந்தது. அதற்குப் பிறகு அணைத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்தச் சிறு காலத்தில் வெளியேறும் அடக்கும் செல்கள், பின்னால் வருபவற்றைப் போன்றவை அல்ல. ஆயுள் முழுவதும் சில உறுப்புகளைக் காப்பவை அவையே என்று 2015ல் அதே குழு காட்டியது. பிறப்புக்கு முன்னும் இப்படித்தான். சுண்டெலியின் தோலில் கிளை விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு வகை டி செல் கருப்பருவத்தின் சில நாட்களில் மட்டுமே உருவாகிறது. கருவின் விதைச் செல் கருவின் தைமஸுக்குள் போனால் மட்டுமே அது கிடைக்கும், இரண்டில் ஒன்று வளர்ந்ததாக இருந்தாலும் கிடைக்காது என்று 1990ல் இர்விங் வைஸ்மனின் ஆய்வுக்கூடம் நிறுவியது. மார்புக்குள் இருப்பது ஒரே உறுப்பாகத் தெரிந்தாலும் வாரத்துக்கு வாரம் அது வேறு.

*

சுண்டெலியைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று இருந்தவர்களுக்கு 2006ல் ஒரு கொட்டு விழுந்தது. ஹான்ஸ்-ரைமர் ரோடவால்டின் குழு சுண்டெலியின் கழுத்தில் இரண்டாவதாக ஒரு குட்டித் தைமஸ் இருப்பதைக் கண்டது. நிணநீர் முடிச்சு என்று எண்ணி எல்லோரும் தாண்டிப்போன ஒன்று. அம்மணச் சுண்டெலிக்குள் பதியம்போட்டால் அதுவும் டி செல் விளைவிக்கிறது. மார்புத் தைமஸை எடுத்துவிட்டோம், ஆகவே இனி டி செல் வராது என்று கருதிச் செய்த எத்தனையோ சோதனைகளின் மேல் இது ஒரு கேள்விக்குறி. மில்லரின் முடிவு அசையவில்லை. கழுத்துத் தைமஸ் மிகச் சிறியது, பிறந்த பிறகே வேலையைத் தொடங்குவது. ஆனால் ‘தைமஸ் நீக்கிய சுண்டெலி’ என்று எழுதியிருந்தால் எந்தத் தைமஸ் என்று இப்போது கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. முதல் நாள் சோதனை சுண்டெலியில் பலித்ததற்குக் காரணம், சுண்டெலி பத்தொன்பது இருபது நாள் கர்ப்பத்தில் அரைகுறையாகப் பிறப்பதுதான். அதன் டி செல்கள் அப்போதுதான் வெளியே கிளம்பத் தயாராகின்றன. மனிதக் குழந்தை பிறக்கும்போதே அதன் ரத்தத்தில் டி செல்கள் பரவிவிட்டிருக்கும். மில்லர் வேறு பெரிய விலங்கை எடுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

இந்த வித்தியாசத்தை வைத்தே மனிதர்களில் தைமஸை லேசாக எடுத்துக்கொண்டார்கள். இதய அறுவையின்போது அது வழியை மறைக்கிறது; அதை வெட்டி ஒதுக்குவது சாதாரண நடைமுறை. பருவ வயதுக்குப் பின் அது சுருங்கிக் கொழுப்பேறிவிடும் என்பதால் பெரியவர்கள் விஷயத்தில் யாரும் இருமுறை யோசித்ததில்லை. சுண்டெலியிலும் சுருக்கம் உண்டு. ஐந்தாறு வார வயதில் உச்சம், பிறகு இறக்கம். 2014ல் எடின்பரோவில் கிளேர் பிளாக்பர்னின் குழு, கிழட்டுச் சுண்டெலிகளின் தைமஸில் ஃபாக்ஸ்என்1 அளவை உயர்த்தி, சுருங்கிய உறுப்பைத் திரும்ப வளரவைத்தது. சுருங்கியது சாகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

2023ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் கணக்கு ஒன்று வெளியானது. மார்பு அறுவை செய்துகொண்ட பெரியவர்களில் தைமஸ் எடுக்கப்பட்டவர்களையும் எடுக்கப்படாதவர்களையும் ஐந்தாண்டு ஒப்பிட்டார்கள். எடுக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 8.1, மற்றவர்களில் 2.8. புற்றுநோய் கண்டவர்கள் 7.4, மற்றவர்களில் 3.7.